தளம் மூடப்போகிறதா? ரசிகர் படைப்புகளைக் காப்பாற்ற நான்கு வழிகள்

யாகூ குரூப்ஸ் என்ற இணையக் குழுத் தளத்தில் இனிப் புதிதாக எதுவும் பதிய முடியாது, பழையதும் அழிக்கப்படும் என்று 2019 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. முதலில் கொடுத்த கெடு டிசம்பர் நடுப்பகுதி. பயனர்களின் எதிர்ப்புக்குப் பிறகு, தரவை எடுத்துக்கொள்ளும் அவகாசம் 2020 ஜனவரி 31 வரை நீண்டது. ஹாரி பாட்டர் புத்தகங்களை அத்தியாயம் அத்தியாயமாக அலசிய குழுக்கள், தொலைக்காட்சித் தொடர்களுக்கு ரசிகர்களே எழுதிய கதைகள் என்று பல வருடத்துச் சேமிப்பு அங்கே கிடந்தது. அதற்குப் பத்து வருடம் முன்பு, 2009 அக்டோபரில், அமெரிக்காவில் ஜியோசிட்டிஸ் என்ற இலவச வலைப்பக்கத் தளம் இதேபோல மூடப்பட்டது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வக் குழு மும்முரமாக இறங்கி எடுத்த பிரதி 600 ஜிபிக்கும் மேல். அதிலும் விடுபட்டவை உண்டு.

உங்களுக்குப் பிடித்த தளத்துக்கும் இப்படி ஒரு கெடு வந்தால், முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள். உங்களுக்கு வேண்டியது கதையா, கதையைச் சுற்றி நடந்த பேச்சா? ஒன்றை நன்றாகக் காப்பாற்றும் வழி, பெரும்பாலும் மற்றொன்றைக் கோட்டை விட்டுவிடும்.

1. வேபேக் மெஷின்

இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பு 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கும் வசதி. பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் அன்றைய தேதியிட்டுச் சேமித்துக்கொள்ளும். இலவசம், யாரும் பார்க்கலாம், உங்கள் கணினி பழுதானாலும் பிரதி இருக்கும். ஆனால் லாகின் செய்தால்தான் தெரியும் பக்கங்கள் இதில் ஏறாது. ஸ்க்ரோல் செய்யச் செய்ய நீளும் பக்கங்கள் பாதியில் நின்றுவிடும். பழைய முகவரி தெரியாதவர் பின்னாளில் தேடிக் கண்டுபிடிப்பதும் கடினம். ஆகவே முகவரிப் பட்டியல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

2. சொந்தக் கணினியில் நகல்

ஒற்றைப் பக்கம் என்றால் சிங்கிள்ஃபைல் என்ற பிரவுசர் நீட்சி போதும். படங்களையும் உள்ளடக்கி ஒரே எச்டிஎம்எல் கோப்பாகத் தரும். எந்த பிரவுசரிலும் திறக்கும். முழுத் தளம் என்றால் எச்டிடிராக் என்ற மென்பொருள், லிங்க் லிங்காகத் தொடர்ந்து போய் எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் இறக்கும். பழைய பாணியில் கட்டிய எளிய தளங்களுக்கு இது அருமை. ஜாவாஸ்கிரிப்டை நம்பி ஓடும் இன்றைய தளங்களில் வெற்றுக் கூடுதான் கையில் மிஞ்சும்.

3. ஆர்க்கைவ்வெப்.பேஜ்

பேச்சுதான் முக்கியம் என்பவர்களுக்கு இதுவே சரி. குரோம் பிரவுசரில் இந்த நீட்சியை இயக்கிவிட்டு நீங்கள் வழக்கம்போலப் படித்துக்கொண்டே போனால், திரைக்கு வந்ததெல்லாம் பதிவாகும். பிறகு அந்தப் பதிவை ரீப்ளேவெப்.பேஜ் என்ற தளத்தில் போட்டால், பக்கம் பழைய தோற்றத்திலேயே ஓடும். ஒரு விஷயத்தில் கவனம்: திரைக்கு வராதது பதிவாகாது. 'மேலும் பின்னூட்டங்கள்' என்ற பொத்தானை ஒவ்வொன்றாக அழுத்தி, மடங்கியிருக்கும் பதில்களை விரித்து, படங்கள் முழுதாக வரும்வரை பொறுக்க வேண்டும். நேரம் பிடிக்கும். லாகின் செய்து எடுத்த பதிவில் உங்கள் கணக்கு விவரமும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதை அப்படியே பிறருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

4. வேறு வீட்டுக்குக் குடிபோவது

ரசிகர்களே நடத்தும் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற தளம், 2019-இல் ஹ்யூகோ விருது பெற்றது. அதை நடத்தும் அமைப்பின் 'ஓப்பன் டோர்ஸ்' திட்டம், மூடும் நிலையிலுள்ள கதைத் தளங்களை ஏற்றுக்கொள்கிறது. ஹாரி பாட்டர் கதைகளுக்குப் பேர்போன ஃபிக்‌ஷன் ஆலி அப்படித்தான் அங்கே போய்ச் சேர்ந்தது. கதைகள் மறுபடி புழக்கத்துக்கு வரும், புது வாசகர்கள் கிடைப்பார்கள். எழுதியவர் தன் கதையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், பெயரை நீக்கச் சொல்லலாம், அழிக்கவும் சொல்லலாம். ஆனால் பழைய தளத்தை நடத்தியவரின் சம்மதம் வேண்டும், வேலையும் மெதுவாகவே நடக்கும். கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கைகொடுக்கும் வழி இதுவல்ல.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஓரிரு நாள்தான் என்றால், முக்கியப் பக்கங்களை வேபேக்கில் ஏற்றுங்கள், மிகவும் பிடித்தவற்றை சிங்கிள்ஃபைலில் எடுங்கள். சில வாரங்கள் இருந்தால் விவாதங்களை ஆர்க்கைவ்வெப்.பேஜில் பதியுங்கள். மாதக்கணக்கில் அவகாசம் இருந்தால், தளத்தை நடத்துபவரோடு இன்றே பேச்சைத் தொடங்குங்கள்.

உங்களுக்காக நகல் எடுத்து வைப்பது வேறு, அதைப் பொதுவில் ஏற்றுவது வேறு. புனைபெயரில், நாலு பேருக்கு மட்டும் என்று நம்பி எழுதியவர்கள் இத்தகைய குழுக்களில் ஏராளம். மூடிய குழுவின் பேச்சை அவர்களைக் கேட்காமல் வெளியிடாதீர்கள்.

எந்த வழியில் எடுத்தாலும் நகல் இரண்டு இடங்களில் இருக்கட்டும். கணினியில் எடுத்ததை, இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒருமுறை திறந்து பாருங்கள். படமோ பக்கமோ வரவில்லை என்றால், தளம் மூடுவதற்குள் மறுபடி எடுத்துவிடலாம்.