ஜூனியருக்கு எழுதும்போது படியைத் தாண்டாதீங்க!



ஜூனியர்களுக்கு ஆலோசனை சொல்லி நம்ம இதழுக்கு நிறைய கட்டுரைகள் வருது. எழுதுறவங்க எல்லாருமே விஷயம் தெரிஞ்சவங்க. ஆனா சில கட்டுரைகளைப் படிச்சு முடிச்ச பிறகும், அடுத்து என்ன செய்யணும்னு ஜூனியருக்குப் புரியறதில்லை. இதுக்கு எங்க ஊர்ப் பக்கத்திலேயே ஒரு நல்ல பாடம் இருக்கு.

எனக்குச் சொந்த ஊர் திருப்பனந்தாள். பஸ் ஏறினா கும்பகோணம், கணித மேதை ராமானுஜன் வளர்ந்த ஊர். அங்கே அவர் பள்ளியில் படித்த காலத்தில், 1903 வாக்கில், ஒரு புத்தகம் கைக்கு வந்தது. ஜி.எஸ். கார் என்ற ஆங்கிலேய டியூஷன் ஆசிரியர், கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்காகத் தொகுத்தது அது. நம்ம பாஷையில் சொன்னா, 'எக்ஸாம் நோட்ஸ்'. சுமார் 5000 முடிவுகள் வரிசையாக இருக்கும். நிரூபணம் மிகக் குறைவு. ராமானுஜன் அவற்றைத் தானே போட்டுப் பார்த்தார். விடையை மட்டும் எழுதி, வழியை விட்டுவிடும் பழக்கமும் அங்கிருந்துதான் வந்தது என்று பலர் சொல்வார்கள்.

1907-இல் டெபுடி கலெக்டர் வி. ராமசுவாமி ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கினார். அதன் இதழில் வாசகர்கள் கேள்வி அனுப்பலாம், மற்றவர்கள் விடை எழுதலாம். 1911-இல் ராமானுஜன் அனுப்பிய கேள்வி இது:

√(1+2√(1+3√(1+4√(1+…)))) = ?

யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: 3.

வெறும் '3'னு சொன்னா நமக்கு ஒண்ணும் புரியாது. இப்போ படிகளைப் பாருங்க:

3 = √9 = √(1+2×4)
4 = √16 = √(1+3×5)
5 = √25 = √(1+4×6)

முதல் வரியில் இருக்கும் 4-க்குப் பதிலா இரண்டாம் வரியைப் போடுங்க. அதில் வரும் 5-க்கு மூன்றாம் வரி. இப்படியே போனா அந்தக் கேள்வியே வந்துடும்! மூணு வரிதான், ப்ளஸ் டூ பையனுக்கும் பிடிபடும்.

அதே வருஷம் வந்த அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரையை, தெளிவு போதாதென்று ஆசிரியர் ஒரு தடவைக்கு மேல் திருப்பி அனுப்பினார். ராமானுஜனும் திருத்திக் கொடுத்தார். அவருக்கே அப்படின்னா, நாம திருத்தி எழுதுறதுல என்ன வெட்கம்?

இப்போ நம்ம கதைக்கு வருவோம். "முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கிடு, ஃபீஸ் குறையும்"னு ஒரு சீனியர் எனக்குச் சொன்னார். எங்க வீட்டுல காலேஜ் போன முதல் ஆள் நான். எங்கே, எப்போ, எதை எடுத்துட்டுப் போகணும்னு கேட்க ஆளில்லை. இ-சேவை மையத்துல விண்ணப்பிக்கணும், வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் எல்லாரும் பார்த்த பிறகுதான் கைக்கு வரும். அதனால கவுன்சிலிங்குக்கு முன்னாடியே போடணும். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே டிகிரி முடிச்சிருந்தா கிடைக்காது. இந்த நாலு வரியைச் சேர்த்துச் சொல்லியிருந்தா எனக்கு மூணு நாள் அலைச்சல் மிச்சம்.

அதனால, எழுதும்போது இதைச் செய்யுங்க:

1. படிப்பவர் வீட்டில் கேட்க யாருமே இல்லைன்னு நினைச்சு எழுதுங்க.

2. 'ஈஸிதான்'னு எழுதத் தோணும் இடத்தில் நிறுத்துங்க. விட்டுப்போன படி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

3. நீங்க எங்கே தப்பு பண்ணீங்கன்னு சேருங்க. அரியர் வெச்ச கதையும் உதவும்.

4. அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு முதலாமாண்டு மாணவரைப் படிக்கச் சொல்லுங்க. அவர் கேட்கும் முதல் கேள்விக்கான பதிலையும் கட்டுரையில் சேர்த்துடுங்க.

கேம்பிரிட்ஜ் மாணவர்களுக்காக கார் தொகுத்த நோட்ஸ் கும்பகோணத்துப் பையன் கைக்கு வந்தது. உங்க கட்டுரை எந்த ஊர் ஜூனியர் கைக்குப் போகுமோ! இந்த வாரமே ஒரு பக்கம் எழுதிப் பாருங்க.