வண்டி நின்றால் யார் காசு? – சர்வீஸ் விடும் முன் வணிகர் அறிய வேண்டியவை

அரிசி, பருப்பு, எண்ணெய் விலை பற்றி எழுதினால் போதாதா, மோட்டார் வண்டி பற்றி மளிகை மொத்த வியாபாரி எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். இன்று நம்மில் பாதிப்பேர் சரக்கு வண்டி வைத்திருக்கிறோம். 2005-ல் டாட்டா ஏஸ் வந்து, மக்கள் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்த பிறகு, சின்னக் கடைக்காரரும் தவணையில் ஒன்று எடுத்துவிட்டார். எடுக்கும்போது மாதத் தவணை எவ்வளவு என்று கேட்கிறோம். வண்டி பட்டறையில் நிற்கும் நாளுக்கு என்ன செலவு என்று யாரும் கேட்பதில்லை.

நானும் கேட்டதில்லை. 2019 பொங்கல்தான் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது.

கடப்பாக்கத்தில் இருக்கும் நமக்கு, கம்பெனி சர்வீஸ் வேண்டுமென்றால் செங்கல்பட்டு, திண்டிவனம், புதுச்சேரி என்று ஏதாவது ஒரு ஊருக்குப் போயாக வேண்டும். அந்த வருடம் ஜனவரி 7, திங்கட்கிழமை காலை, கிளட்ச் வேலைக்காக என் சரக்கு வண்டியை ஓர் அங்கீகாரம் பெற்ற பட்டறையில் விட்டோம். எந்தப் பட்டறை என்பது இங்கே வேண்டாம். மாலையில் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மாலையில் போன் செய்தால் "பார்ட் வரவில்லை, நாளைக்கு" என்றார்கள். செவ்வாய் போய், புதன் போய், வியாழனும் போயிற்று. வெள்ளி மாலைதான் "வண்டி ரெடி" என்று சேதி வந்தது. அதற்குள் பொங்கல் சரக்கு தலைக்கு மேல் இருந்தது. வெல்லம், பச்சரிசி, முந்திரி, ஏலக்காய் எல்லாம் வாடகை வண்டியில்தான் போயிற்று. கடையை விட்டு ஓர் ஆள் நகர முடியாத நேரம். பண்டிகை முடிந்து 18-ம் தேதி வெள்ளிக்கிழமை காலையில்தான் என் மகன் போய் வண்டியை எடுத்தான்.

பில்லைப் பார்த்தால் கடைசி வரியில் "வாகன நிறுத்தக் கட்டணம், 4 நாள், நாளுக்கு ரூ.200" என்று ரூ.800-ம், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.144-ம் சேர்த்து ரூ.944 போட்டிருந்தார்கள். கேட்டதற்கு ஜாப் கார்டின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். எறும்பு எழுத்தில், வேலை முடிந்த சேதி சொல்லி 48 மணி நேரத்துக்குள் எடுக்காவிட்டால் கட்டணம் என்று அச்சடித்திருந்தது. கீழே என் டிரைவர் கையெழுத்து.

இதில் வேடிக்கை என்னவென்றால் பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் மூன்று நாளும் அந்தப் பட்டறை பூட்டியிருந்தது. நான் போயிருந்தாலும் வண்டியை எடுத்திருக்க முடியாது. பூட்டிய கதவுக்கும் சேர்த்து வாடகை வாங்கிவிட்டார்கள்.

காத்திருப்புக்குக் காசு கேட்பது தவறு என்று நான் சொல்லவில்லை. லாரிக்காரர் சரக்கோடு வந்து நம் குடோன் வாசலில் ஒரு நாளுக்கு மேல் நின்றால் ஹால்டிங் கேட்கிறார், நாமும் கொடுக்கிறோம். ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேகனைக் காலி செய்யத் தாமதித்தால் டெமரேஜ், இறக்கிய சரக்கை எடுக்கத் தாமதித்தால் வார்ஃபேஜ் உண்டு. 2013-ல் தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்குக் கட்டணம் நிர்ணயித்தபோது கூட, காத்திருக்கும் ஒவ்வொரு 5 நிமிடத்துக்கும் ரூ.3.50 என்று வைத்தது. இதிலெல்லாம் ஒரு நியாயம் இருக்கிறது. தாமதத்துக்கு யார் காரணமோ அவர் காசு கொடுக்கிறார். லாரியே இரண்டு நாள் தாமதமாக வந்தால் நாம் வாடகையில் பிடித்தம் செய்கிறோம் அல்லவா? பட்டறையில் மட்டும் இந்தத் தராசுக்கு ஒரே தட்டு. நாம் தாமதித்தால் கட்டணம். அவர்கள் தாமதித்தால் "சாரி சார்".

சரி, அவர்கள் தாமதித்த நான்கு நாளில் எனக்கு என்ன நஷ்டம்? இந்தக் கணக்கைத்தான் பலர் தப்பாகப் போடுகிறார்கள். நானும் முதலில் கோபத்தில் எல்லாவற்றையும் கூட்டினேன். வண்டித் தவணை நாளுக்கு 400, டிரைவர் சம்பளம் 600, வாடகை வண்டி 2,200, ஆக நாளுக்கு 3,200 என்று. என் கணக்குப்பிள்ளைதான் திருத்தினார். தவணையும் டிரைவர் சம்பளமும் வண்டி ஓடினாலும் கொடுக்கத்தான் வேண்டும், அவற்றை நின்றதால் வந்த செலவில் சேர்க்கக்கூடாது. வாடகை வண்டிக்குக் கொடுத்த 2,200-லும், நம் வண்டி ஓடியிருந்தால் ஆகியிருக்கும் டீசல் 600-ஐக் கழிக்க வேண்டும். மீதி 1,600. நான்கு நாளுக்கு ரூ.6,400. கிளட்ச் வேலைக் கூலியை விட அது அதிகம்.

இதில் எழுத முடியாத கணக்கு ஒன்று உண்டு. செய்யூர் பக்கம் இரண்டு கடைகளுக்கு வியாழக்கிழமை சரக்கு போய்ச் சேரவில்லை. பொங்கலுக்கு முந்தைய வியாழன்! அவர்கள் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் மாசியில் திரும்ப வந்தார். இன்னொருவர் இன்றுவரை வரவில்லை. பதினைந்து வருட வாடிக்கை.

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வக்கீல் நண்பரிடம் கேட்டேன். அவர் சொன்னதில் நமக்கு வேண்டியதை மட்டும் எழுதுகிறேன். 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 170-வது பிரிவு, ஒரு பொருளில் உழைப்போ திறமையோ செலுத்தி வேலை செய்தவர், அந்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. சட்டத்திலேயே உதாரணம் உண்டு. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தை, கூலி கொடுக்கும்வரை நகை வியாபாரி தராமல் இருக்கலாம். ஆனால் தைத்தவுடன் கோட்டைக் கொடுத்துவிடுகிறேன், கூலிக்கு மூன்று மாதம் கடன் என்று ஒப்புக்கொண்ட தையல்காரர் அதைப் பிடித்துவைக்க முடியாது. ஆக, வேலைக் கூலி பாக்கி வைத்துவிட்டு "வண்டியைக் கொடு" என்று நாம் சண்டை போட முடியாது. 151-வது பிரிவின்படி, தன் சொந்தப் பொருளை ஒரு சாதாரண விவேகமுள்ளவர் எப்படிக் காப்பாரோ அப்படி நம் வண்டியைப் பார்த்துக்கொள்ளும் கடமையும் பட்டறைக்கு உண்டு.

பிடித்துவைத்ததற்கே வாடகை கேட்கலாமா? இங்கிலாந்தில் இதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறதாம். கப்பல் பழுது பார்த்தவர், கூலி பாக்கிக்காகக் கப்பலைத் தன் துறையிலேயே நிறுத்திவைத்து, நிறுத்திய நாட்களுக்கு நாளொன்றுக்கு 21 பவுன் வீதம் கேட்டார். 1860-ல் பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. தன் பாக்கிக்காகத் தானே பிடித்துவைத்தவர், அதற்குக் கட்டணம் கேட்க முடியாது என்றது. ஆனால் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. அதனால்தான் ஜாப் கார்டின் பின்பக்கம் அவ்வளவு முக்கியம். நம்மில் எத்தனை பேர் அதைப் படித்திருக்கிறோம்?

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமே என்று சிலர் சொன்னார்கள். அங்கே நமக்கு ஒரு சிக்கல் உண்டு. வணிக நோக்கத்துக்காக வாங்கிய பொருளுக்கும் சேவைக்கும் நுகர்வோர் சட்டம் பொருந்தாது. ஆனால் சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காகவே பயன்படுத்துபவருக்கு விலக்கு உண்டு. 1995-ல் உச்ச நீதிமன்றம், கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் மீது ஒரு இயந்திரத் தொழிற்சாலை போட்ட வழக்கில் இதை விளக்கியது. ஆட்டோவோ லாரியோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான் என்றது. வழக்குப் போட்ட தொழிற்சாலையை மட்டும் நுகர்வோர் அல்ல என்று சொல்லிவிட்டது. ஆகவே தானே வண்டி ஓட்டிச் சரக்கு எடுக்கும் சிறு கடைக்காரருக்கு வழி இருக்கிறது. என் போன்ற நாலு டிரைவர், குடோன் வைத்த மொத்த வியாபாரிக்குக் கடினம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ம் வருடச் சட்டத்திலும் இந்த விலக்கு இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்ப்பது நல்லது.

நான் வழக்குக்குப் போகவில்லை. பட்டறை நிர்வாகத்துக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினேன். திட்டவில்லை. மூன்று தேதிகள் மட்டும் எழுதினேன்: நீங்கள் தருவதாகச் சொன்ன தேதி, தந்த தேதி, உங்கள் கதவு பூட்டியிருந்த தேதிகள். பத்து நாளில் மூன்று நாள் கட்டணத்தை வரியோடு ரூ.708 திருப்பிக் கொடுத்தார்கள். என் 6,400-க்கு மட்டும் பதிலே இல்லை. தருவதாகச் சொன்ன நேரத்தை நான் எழுதி வாங்கவில்லையே, எதை வைத்துக் கேட்பது?

இனி, எந்த வேலையை எங்கே விடுவது என்று பார்ப்போம். ஆயில் மாற்றுவது, பில்டர், பிரேக் லைனிங், டயர், விளக்கு இதெல்லாம் நம் ஊர் மெக்கானிக்கே செய்வார். பக்கத்தில் டீக் கடையில் உட்கார்ந்து வேலையைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டு மணி நேரத்தில் வண்டி கைக்கு வந்துவிடும். ஆனால் 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் சென்சார்கள் அதிகம். டேஷ்போர்டில் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் இல்லாமல் கையால் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் காலம் போய்விட்டது. அதற்குக் கம்பெனி பட்டறைதான் அல்லது ஸ்கேனர் வைத்திருக்கும் தனியார் பட்டறை. வாரண்டி உள்ளவரை கம்பெனி அட்டவணையைத் தவறவிடாதீர்கள், பில்களைப் பத்திரமாக வையுங்கள். "இலவச சர்வீஸ்" என்பது பெரும்பாலும் கூலி மட்டுமே இலவசம், ஆயிலுக்கும் பில்டருக்கும் காசு உண்டு.

வெளியே கை வைத்தாலே வாரண்டி போச்சு என்று சிலர் பயமுறுத்துவார்கள். கார்கள் விஷயத்தில் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு ரூ.2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களை வெளிச் சந்தைக்கு விடாமல் வைத்ததும், வெளிப் பட்டறையில் வேலை பார்த்தால் வாரண்டி ரத்து என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னதும் அதில் முக்கியக் குற்றச்சாட்டுகள். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனது தனிக்கதை. நம் சரக்கு வண்டிகள் அந்த வழக்கில் இல்லை என்றாலும், வெளியே செய்த வேலையால்தான் இந்தப் பழுது வந்தது என்று எழுத்தில் கொடுங்கள் என்று கேட்க நமக்குத் தைரியம் வர வேண்டும்.

கடலோரத்துக்காரர்களுக்கு ஒரு தனி வார்த்தை. உப்பளக் காற்றும் கடல் காற்றும் வண்டியின் அடிப்பாகத்தைத் தின்றுவிடும். மீன் ஏற்றும் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தை வாராவாரம் கழுவச் சொல்லுங்கள். பிரேக் குழாய் துருப்பிடித்துப் பொங்கலுக்கு முதல் நாள் வெடிப்பதற்கு அது எவ்வளவோ மலிவு.

காத்திருந்து எடுக்கும் சர்வீஸ், விட்டுவிட்டு வரும் சர்வீஸ், அவர்களே வந்து எடுத்துப்போய்க் கொண்டுவந்து விடுவது என்று இப்போது பல வகை இருக்கின்றன. நமக்கு முதல் வகைதான் ஏற்றது. முந்திய நாளே போனில் காலை முதல் முறையைக் கேட்டு வாங்கி, டிரைவரை அங்கேயே உட்கார வையுங்கள். டிரைவருக்கு அரை நாள் போகும். ஆனால் எதிரே ஆள் உட்கார்ந்திருக்கும் வண்டியை ஒதுக்கி வைக்க யாருக்கும் மனம் வராது. வந்து எடுத்துப்போகும் வகையில் தூரத்துக்குத் தகுந்தபடி காசு கேட்பார்கள். அது எவ்வளவு என்றும், வழியில் அடிபட்டால் யார் பொறுப்பு என்றும் முதலிலேயே கேளுங்கள். கிலோமீட்டரையும் டீசல் அளவையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

விபத்து வண்டி என்றால் இன்னும் கவனம். சர்வேயர் வரும்வரை நிற்கும் நாட்களுக்கான நிறுத்தக் கட்டணத்தை இன்சூரன்ஸ் பொதுவாகக் கொடுப்பதில்லை, நம் தலையில்தான் விழும். அன்றன்றே சேதி சொல்லி, சேதி சொன்னதற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ள வேண்டும்.

நாள் பார்ப்பதும் முக்கியம். மாதத்தின் முதல் பத்து நாள் சம்பள வியாபாரம். 18-லிருந்து 25 வரை கை ஓய்ந்திருக்கும். என் வண்டிகளுக்கு இப்போது அந்த வாரம்தான் சர்வீஸ். தீபாவளி, பொங்கலுக்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுகிறோம். எப்.சி. தேதியையும் அதே காலண்டரில் சிவப்பு மையில் குறித்திருக்கிறேன். புது சரக்கு வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு வருடா வருடம்.

பில்லில் வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வண்டி உதிரிப் பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விகிதம் போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். சரக்கு வண்டியின் பழுது செலவுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்கும். நாம் சவாரி போகும் காருக்குக் கிடைக்காது. காம்போசிஷனில் இருப்பவர்களுக்கு இரண்டுமே இல்லை.

இப்போதெல்லாம் டிரைவர் தனியாகப் போய்க் கையெழுத்துப் போடுவதில்லை. என் மகனோ நானோ போகிறோம். ஜாப் கார்டின் முன்பக்கத்தில், கையெழுத்துக்கு மேலேயே பேனாவால் நான்கு வரி எழுதுகிறோம்: "வண்டி தரும் நாளும் நேரமும் இது. மதிப்பீட்டுக்கு மேல் செலவானால் எங்களைக் கேட்டு ஒப்புதல் வாங்கிய பிறகே வேலை. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். பட்டறை விடுமுறை நாட்களுக்கு நிறுத்தக் கட்டணம் கிடையாது." கீழே அவர்கள் ஆளிடமும் கையெழுத்து வாங்கிப் போட்டோ எடுக்கிறோம். முதல் முறை எழுதியபோது அங்கிருந்த சூப்பர்வைசர் ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு, உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தார். முதல் வரியில் நான் எழுதியிருந்த மாலை 4 மணியை அடித்து, மறுநாள் காலை 11 என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் பத்தரைக்கு வண்டி தயாராக இருந்தது.