திறமை இருக்கிறது, ஃபைல் எங்கே?

மட்டக்களப்பில் வலையிறவுப் பாலத்துக்கு மேற்கே திறமைக்குப் பஞ்சமில்லை. கன்னன்குடாவில் விடிய விடியக் கூத்தாடுகிறவர்கள் இருக்கிறார்கள். வவுணதீவில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பனிக்குக் கோட் எழுதுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். பஞ்சம் பேப்பருக்குத்தான். அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கு அமெரிக்கா கொடுக்கும் ஓ-1 விசாவில், அதிகாரி உங்கள் ஆட்டத்தைப் பார்க்கப் போவதில்லை. நீங்கள் எழுதிய கோட் ஓடுகிறதா என்று பார்க்கப் போவதுமில்லை. அவர் மேசைக்கு வருவது ஒரு ஃபைல். அதில் இல்லாத சாதனை அவரைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை.

இந்த விசா 1990ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. இப்போது ஏன் எல்லோரும் இதைத் தேடுகிறார்கள்? வழக்கமான வேலை விசாவான எச்-1பிக்கு வருடத்துக்கு 85,000 இடம்தான், அதுவும் குலுக்கல். 2025 செப்டம்பரில் வந்த அறிவிப்பு, அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்கான புதிய எச்-1பி மனுவுக்கு 100,000 டொலர் கேட்டது. ஓ-1இல் குலுக்கலும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. முதலில் 3 வருடம் வரை கிடைக்கும், பிறகு நீட்டிக்கலாம். ஆகவே பெங்களூர்க்காரரும் கொழும்புக்காரரும் ஏற்கெனவே ஃபைல் கட்டத் தொடங்கிவிட்டார்கள். நீங்களும் பின்தங்க வேண்டாம்.

1. உங்களுக்குரிய விசா எது என்று முதலில் முடிவெடுங்கள். ஐடி, ஆய்வு, வியாபாரம், விளையாட்டு என்றால் ஓ-1ஏ. கலை என்றால் ஓ-1பி. கூத்துக்காரர்கள் பலருக்குத் தெரியாத மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: பி-3. ஒரு சமூகத்துக்கே உரிய மரபுக் கலையை ஆட, விளக்க, பழக்கப் போகிறவர்களுக்கானது. இதற்கு உலகப் புகழ் தேவையில்லை. கலை மரபுவழி வந்தது, நீங்கள் அதில் உண்மையாகவே தேர்ந்தவர் என்பதைத் துறை அறிந்தவர்கள் எழுதிக்கொடுக்க வேண்டும். 1 வருடம் வரை கிடைக்கும். வடமோடி, தென்மோடிக் கூத்து ஆடும் குழுவுக்கு ஓ-1ஐவிட இதுதான் பொருந்தும் என்பது என் கணிப்பு. கௌரவத்துக்காக ஓ-1 பின்னால் ஓடாதீர்கள்.

2. ஓ-1ஐ நீங்களே உங்கள் பெயரில் போட முடியாது. அமெரிக்காவிலுள்ள கம்பனியோ அமைப்போ ஏஜென்டோ ஐ-129 படிவத்தில் மனுப் போட வேண்டும். பி-3க்கும் அங்கே ஒரு ஸ்பொன்சர் வேண்டும். ‘காசைத் தாங்க, ஓ-1 எடுத்துத் தாறன்’ என்று மட்டக்களப்பு டவுனில் யாராவது சொன்னால் ஒரே கேள்வி கேளுங்கள்: மனுப் போடப்போவது அமெரிக்காவில் யார்? பெயர் வராவிட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

வேலை தருபவர் இல்லாமல் முயல நினைப்பவர்கள் பிரிட்டனின் குளோபல் டலன்ட் விசாவைப் பாருங்கள். 2020 பெப்ரவரியில் தொடங்கியது. ஐடி என்றால் டெக் நேஷன், கலை என்றால் ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலண்ட் உங்களைப் பரிந்துரைக்க வேண்டும். 3 பரிந்துரைக் கடிதம், அதிகபட்சம் 10 ஆதாரம். இன்னும் உச்சிக்கு வராத, வளர்ந்துவரும் ஆட்களுக்கும் அதில் தனிப் பிரிவு உண்டு.

3. ஓ-1ஏக்கு 8 அளவுகோல். பெரிய பரிசு இல்லாதவர் குறைந்தது 3ஐ நிரூபிக்க வேண்டும்: விருது, தகுதி பார்த்துச் சேர்க்கும் சங்கத்தில் அங்கத்துவம், உங்களைப் பற்றிய ஊடகச் செய்தி, நடுவர் வேலை, துறையை மாற்றிய பங்களிப்பு, ஆய்வுக் கட்டுரை, பெயர்பெற்ற நிறுவனத்தில் முக்கியப் பொறுப்பு, உயர் சம்பளம். மூன்றைத் தொட்டதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். முழு ஃபைலையும் சேர்த்து எடைபோட்ட பிறகுதான் முடிவு.

சம்பள விஷயத்தில் நம்மவர்கள் வீணாகப் பயப்படுகிறார்கள். உங்கள் சம்பளத்தை டொலராக்கி கலிஃபோர்னியாவோடு ஒப்பிடுவதில்லை. நீங்கள் வேலை செய்யும் நாட்டில் அதே வேலைக்கு என்ன கிடைக்கிறது என்பதே கணக்கு. வவுணதீவிலிருந்து ரிமோட்டில் நல்ல சம்பளம் எடுப்பவருக்கு இது பலமான புள்ளி. ஒப்பந்தம், பாங்க் ஸ்டேட்மென்ட், இலங்கைச் சம்பள சர்வே மூன்றையும் இப்போதே சேருங்கள். நடுவர் வேலையும் கைக்கெட்டியதுதான். ஹக்கத்தோனுக்கு ஜட்ஜாகக் கூப்பிட்டால் போங்கள், அழைப்பு ஈமெயிலை அழிக்காதீர்கள்.

4. கலைஞர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். அரங்கேற்ற நோட்டீஸ்தான் உங்கள் முதல் ஆவணம். திகதியும் மாதமும் போட்டு வருடத்தை விட்டுவிடாதீர்கள். அண்ணாவியார், மத்தளம், சல்லாரி, ஆடுவோர் என்று எல்லோருடைய முழுப்பெயரும் பாஸ்போட்டில் உள்ளபடி வரட்டும். களரியின் போட்டோ, பத்திரிகைச் செய்தியின் முழுப் பக்கம், மண்முனை மேற்குப் பிரதேச செயலகத்தின் கலாசார விழாச் சான்றிதழ், கலாபூஷணம் விருது என எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணுங்கள். பேஸ்புக் லைக் ஆதாரமல்ல.

5. துறை அறிந்தவர்கள் எழுதித்தரும் கடிதத்தில்தான் பாதி ஃபைல் விழுகிறது. ‘இவர் மிகச் சிறந்த கலைஞர்’ என்ற வரிக்கு எந்தப் பயனும் இல்லை. எந்த வருடம், எந்த ஊரில், எந்தக் கூத்துக்குச் சட்டம் கொடுத்தார், அவரிடம் பழகியவர்களில் யார் இன்று அண்ணாவியாராக இருக்கிறார், அவர் இல்லாவிட்டால் எந்தத் தாளக்கட்டு அழிந்திருக்கும் என்று எழுத வேண்டும். எழுதக்கூடியவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கிழக்குப் பல்கலைக்கழகமும் கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் உண்டு. பேராசிரியர் சி. மௌனகுரு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து நூலே எழுதியிருக்கிறார். உங்கள் கலை பற்றிய இப்படியான ஆய்வு இருப்பது பெரிய முதல், அதைக் கடிதத்தில் மேற்கோள் காட்டச் சொல்லுங்கள். சொந்தக்காரரிடம் கடிதம் வாங்காதீர்கள்.

6. தமிழ் ஆவணம் ஒவ்வொன்றுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர் தனக்கு இரு மொழியும் தெரியும், இது முழுமையும் சரியும் என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். சுருக்கம் கொடுத்தால் தள்ளிவிடுவார்கள்.

7. மனு பாஸானாலும் விசா கைக்கு வந்துவிடாது. கொழும்புத் தூதரகத்தில் இன்டர்வியூ உண்டு. பி-3க்குப் போகிறவர் திரும்பிவர ஊரில் வீடு வாசல் இருப்பதைக் காட்ட வேண்டும். வயல் உறுதி, பேமிற் காணிப் பத்திரம், வேலைக் கடிதம் எல்லாம் உதவும். புகழை மட்டும் நம்பிப் போகாதீர்கள். மெர்க்குரிப் பரிசின் இறுதிப் பட்டியல்வரை போன ஈழத்தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ.கூட 2006இல் அமெரிக்க விசாச் சிக்கலில் மாட்டினார். அதனால் 2007இல் வந்த அவருடைய ‘காலா’ ஆல்பத்தின் பெரும்பகுதி இந்தியா, ஆஸ்திரேலியா, டிரினிடாட் என்று வேறு நாடுகளில் பதிவானது.

ஓ-1 மனுவை வேலை தொடங்கும் நாளுக்கு 1 வருடம் முன்பிருந்தே போடலாம். ஃபைல் கட்ட அதற்கு முன் இரண்டு வருடமாவது ஒதுக்குங்கள். தம்பி, தங்கச்சி, இந்த ஞாயிற்றுக்கிழமை அலுமாரியைத் திறந்து பழைய நோட்டீஸ்களையும் சான்றிதழ்களையும் வெளியே எடுங்கள். வருடம் இல்லாத நோட்டீஸின் பின்புறம் அண்ணாவியாரிடம் கேட்டு வருடத்தை எழுதி, அவருடைய கையெழுத்தையும் வாங்கி வையுங்கள்.