குடிநீரும் குளோரின் வாயுவும்: கையாளும் முறை

காவிரியின் கடைமடையாகிய காரைக்காலில் 2022ஆம் ஆண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில் வயிற்றுப்போக்கு பரவி, நூற்றுக்கணக்கானோர் வைத்தியசாலைகளை நாடினர். அவர்களுள் சிலருக்கு வந்திருப்பது காலராவே என்பது பரிசோதனையில் தெளிவாயிற்று. குடிநீர்க் குழாய்களில் ஏற்பட்ட கசிவின் வழியே கழிவுநீர் புகுந்ததே காரணமென்று கருதப்பட்டது. அதிகாரிகள் பொதுச் சுகாதார அவசர நிலையைப் பிரகடனம் செய்து, பள்ளிக்கூடங்களைச் சில நாள் மூடி, நீர்த்தொட்டிகளைச் சுத்தி செய்து குளோரின் கலக்கச் செய்தனர். தாத்தா காலத்து வியாதி என்று எண்ணியிருந்த ஒன்று, குழாயும் மின்சாரமும் வந்துவிட்ட ஊரில் மீண்டும் தலைகாட்டியது. நீர் குழாயில் வருவதனாலேயே சுத்தமாகிவிடாது என்பதை அங்கத்தினர்கள் மனத்திற் கொண்டு இப்பாடத்தைப் படிக்க வேண்டும்.

காலராக் கிருமி நீரில் வாழ்வதை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் 1884ஆம் ஆண்டில் கல்கத்தாவில் காட்டினார். ஜனங்கள் குளிக்கவும் துவைக்கவும் குடிக்கவும் பயன்படுத்திய ஒரு குளத்தின் நீரிலேயே அவர் அக்கிருமியைக் கண்டார். அத்தகைய குளங்கள் தஞ்சைத் தரணியில் ஊருக்கு இரண்டு மூன்று உண்டு. கிருமியை அழிக்கும் மருந்தைத் தேடியவர்களுள் இந்திய வைத்திய இலாகாவைச் சேர்ந்த நெஸ்பீல்ட் என்னும் ராணுவ வைத்தியர் ஒருவர். குளோரின் வாயுவை அழுத்தித் திரவமாக்கிப் பாத்திரத்தில் அடைத்து வைத்து, வேண்டும்போது நீரிற் கலக்கலாமென 1903ஆம் ஆண்டில் அவர் எழுதினார். 1908இல் அமெரிக்காவின் ஜெர்ஸி நகரத்து நீருக்கு பிளீச்சிங் பவுடர் இடைவிடாது கலக்கப்பட்டது. 1910இல் அந்நாட்டு ராணுவ வைத்தியர் டார்னல் என்பார் திரவ குளோரினைக் கருவி கொண்டு கலந்து காட்டினார். இன்று பெரிய நீரேற்று நிலையங்களில் காணப்படும் கருவி அதன் வழித்தோன்றலே.

இதே வாயு 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ந் தேதி பெல்ஜியத்தில் ஈப்ரு நகரருகே போர்க்கருவியாக ஏவப்பட்டது. காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானதாகையால் அது தரையோடு ஊர்ந்து சென்று பதுங்குகுழிகளில் இறங்கிச் சிப்பாய்களை மூச்சடைத்து வீழ்த்தியது. நீரில் லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் கலந்தால் உயிர்காக்கும் பொருள், ஓர் அறையின் காற்றிற் கலந்தால் உயிரை வாங்கும்.

தஞ்சை, கும்பகோணம் போன்ற நகரங்களுக்கும், வேதாரண்யம் வரையுள்ள உப்புநீர்ப் பிரதேசத்து ஊர்களுக்கும் கொள்ளிடத்து மணற்படுகையிலிருந்து நீர் இறைக்கப்படுகின்றது. மணல் நல்ல வடிகட்டி. ஆயினும் நீண்ட குழாய்ப் பயணத்தில் எங்கேனும் அழுக்கு புகுமாயின் அதனை எதிர்க்க நீரிலேயே சிறிது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். கடைசித் தெருக்குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருத்தல் வேண்டுமென்பது இந்தியத் தர விதி. மருந்து கலந்தபின் கிருமிகள் சாக அரைமணி நேரம் செல்லும். அதற்குள் நீரைத் திறந்துவிடலாகாது.

பவுடர் இருக்க வாயு எதற்கென்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் நீர் விடும் நிலையத்தில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் கலக்க 20 கிலோ குளோரின் வேண்டும். பவுடரில் நூற்றுக்கு முப்பது பங்கே குளோரினாதலால், அது நாளொன்றுக்கு 67 கிலோ பவுடராகும். அதனைக் கரைத்து, தெளியவைத்து, சுண்ணாம்பு வண்டலை அள்ளிக்கொண்டிருக்க ஆட்கள் வேண்டும். வாயுவாயின் 900 கிலோ கொள்ளும் ஒரு டன் சிலிண்டர் 45 நாட்களுக்கு வரும். பெரிய நிலையத்தில் வாயுவை விரும்புவது இதனாலேயே.

கருவி வேலை செய்யும் விதத்தை அறிந்தவனுக்கு அபாயம் எங்கே இருக்கின்றதென்பது தானே விளங்கும். ஒரு பம்பு நீரை அழுத்தத்துடன் இஞ்செக்டர் என்னும் குறுகிய கழுத்தின் வழியே பாய்ச்சுகின்றது. அக்கழுத்தில் நீரின் வேகம் மிகுவதால் அங்கே வெற்றிடம் உண்டாகி வாயுவை உறிஞ்சுகின்றது. சிலிண்டரிலிருந்து வரும் வாயு, ரப்பர்த் தகடு பொருத்திய ஒரு சீராக்கியினுள் நுழைகின்றது. வெற்றிடம் அத்தகட்டை இழுத்தாலன்றி அதன் வால்வு திறவாது. பின்னர் கண்ணாடிக் குழாயொன்றில் மிதக்கும் குண்டு, மணிக்கு எத்தனை கிராம் செல்கின்றதென்று காட்டும். பம்பு நின்றால் வெற்றிடம் போகும், வாயுவும் நின்றுவிடும். சீராக்கிக்கு அப்பால் குழாய் விரிந்துபோனாலும் வெளிக்காற்று உள்ளே போகுமேயன்றி வாயு வெளியே வராது. அபாயமெல்லாம் சிலிண்டர் வால்வுக்கும் சீராக்கிக்கும் இடையேயுள்ள சில அங்குல நீளத்தில் அடங்கியிருக்கின்றது. அவ்விடத்தைத்தான் தினந்தோறும் சோதித்தல் வேண்டும்.

டன் சிலிண்டரைப் படுக்கவைத்தே பயன்படுத்துவர். அதன் முகப்பில் இரண்டு வால்வுகள் உள்ளன. அவை ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக நிற்கும்படி சிலிண்டரை உருட்டிவைத்தால் மேல் வால்வு வாயுவையும் கீழ் வால்வு திரவத்தையும் தரும். 100 கிலோ சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும். சங்கிலி கொண்டு சுவரோடு பிணைத்தல் நலம். சிலிண்டர் மாற்றும்போது இணைப்பிலுள்ள பழைய ஈய வாஷரைத் திரும்பப் போடுதல் கூடாது. சில ரூபாய் பெறாத அந்த வாஷரை மிச்சம்பிடிக்கப் போய், முறை தவறி இறுக்கி, கசிவுக்கு வழிசெய்வது பல இடங்களில் நிகழ்கின்றது. வால்வை ஒரு சுற்றுத் திறந்தால் போதும். திறவாத வால்வின்மேல் நீண்ட ஸ்பானர் போட்டுத் திருகுதலும் சுத்தியலால் தட்டுதலும் ஒருபோதும் செய்யத்தகாதவை. அத்தகைய சிலிண்டரைத் திருப்பியனுப்பிவிட வேண்டும்.

புதிய இணைப்பு கொடுத்தவுடன் வால்வைச் சற்றே திறந்து உடனே மூடி, நவச்சார ஆவி கொண்டு சோதிப்பர். அம்மோனியா நீர் அடங்கிய நெகிழி சீசாவை அழுத்தி, அதன் ஆவியை மட்டும் இணைப்பருகே செலுத்தினால், கசிவுள்ள இடத்தில் வெண்புகை தோன்றும். அம்மோனியா நீரையே பித்தளையின்மேல் தெளிக்கலாகாது. அது பித்தளையை அரிக்கும். மூக்கை நம்பியிருப்பவர் ஏமாறுவர். நாள்தோறும் அவ்வாடையில் வேலை செய்பவருக்கு அது உறைப்பதில்லை.

திரவம் வாயுவாக மாறுவதற்கு வேண்டிய சூட்டை அது சுற்றுப்புறத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். அளவுக்கு மிஞ்சி வாயுவை இழுத்தால் சிலிண்டர் குளிர்ந்து, மேலே பனி படிந்து, அழுத்தம் குறையும். அப்போது வெந்நீர் ஊற்றுவதும் தீக்காட்டுவதும் பெருந்தவறு. ஏறத்தாழ 70 டிகிரி சூட்டில் உருகிவிடும்படியான உலோக அடைப்புகள் சிலிண்டரில் வைக்கப்பட்டுள்ளன. அவை உருகினால் உள்ளிருப்பது முழுவதும் வெளிப்படும். இழுக்கும் அளவைக் குறைப்பதோ, இன்னொரு சிலிண்டரைச் சேர்த்து இணைப்பதோதான் முறை. இந்த விஷயத்தில் நிலையத்தை அடுத்துள்ள மிராசுதாரர்களுக்கும் ஒரு வார்த்தை: குளோரின் அறைச் சுவரையொட்டி வைக்கோற்போர் போடுதலும், அறுவடைத் தாளைக் கொளுத்துதலும் கூடவே கூடாது.

ஈரமே இக்கருவியின் சத்துரு. உலர்ந்த குளோரின் இரும்பை அரிப்பதில்லை. ஈரம் பட்ட குளோரின் அதனைத் தின்றுவிடும். ஆதலின் சிலிண்டர் தீர்ந்தவுடன், சிறிது அழுத்தம் மிச்சமிருக்கும்போதே வால்வை மூடி மூடி பொருத்தல் வேண்டும். இல்லையேல் ஈரக்காற்று உட்புகும். இஞ்செக்டரின் பின்னோட்டத் தடுப்பு வால்வு பழுதானால் நீர் வாயுக்குழாய்க்குள் ஏறும். கருவியைப் பிரித்துச் சுத்தி செய்பவர், கண்ணாடிக் குழாயில் படியும் மஞ்சளும் செம்மையுமான கசடைக் கழுவி, ஒரு துளி ஈரமுமின்றி உலர்த்திய பின்னரே பூட்ட வேண்டும். எண்ணெயோ கிரீஸோ தடவலாகாது. அவை குளோரினுடன் சேர்ந்து கொதித்தெழும். இஞ்செக்டர் சல்லடையைப் புதுவெள்ளக் காலத்தில் அடிக்கடி பார்த்தல் அவசியம். ஆடியில் வரும் செந்நீரைச் சுத்திகரிக்கும் இடங்களில் மண்ணும் மக்கலுமே குளோரினில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். சித்திரையில் போதுமாயிருந்த அளவு ஆடியில் போதாது. குண்டு காட்டும் எண்ணைப் பார்த்துத் திருப்தியடையாமல், தெருக்குழாய் நீரைச் சோதித்து அளவைத் திருத்த வேண்டும்.

இனி, கசிவு. 2010ஆம் ஆண்டு ஜூலையில் பம்பாய்த் துறைமுகப் பகுதியான சிவ்ரியில், பல ஆண்டுகளாகக் கேட்பாரற்றுக் கிடந்த சிலிண்டர்களில் ஒன்று கசிந்து, அருகிலிருந்தோர் பலர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்பட்டனர். 2021 டிசம்பரில் ஈரோட்டை அடுத்த சித்தோட்டில் ஒரு தொழிற்சாலையில் நேர்ந்த கசிவில் ஓர் உயிர் போயிற்று. ஆகவே காலிச் சிலிண்டரையும் நிறைந்ததைப் போலவே எண்ணிப் பத்திரமாகத் திருப்பியனுப்ப வேண்டும்.

கசியும் சிலிண்டரின்மேல் நீர் ஊற்றுவது ஜனங்களுக்கு முதலில் தோன்றும் யோசனை. அதுவே மிகக் கெட்டது. ஈரம் பட்டு ஓட்டை பெரிதாகும். திரவம் கசியுமாயின் துவாரம் மேலே வரும்படி சிலிண்டரை உருட்டிவிட்டால் வாயு மட்டுமே வெளியேறும். திரவம் ஒரு பங்கு விரிந்து ஏறத்தாழ 460 பங்கு வாயுவாகுமாதலால் இவ்வித்தியாசம் மிகப் பெரியது. இவ்வேலையைத் தனிக்காற்றுக் குப்பி பொருத்திய முகமூடியணிந்த இருவர் சேர்ந்தே செய்ய வேண்டும். ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு ஒப்பந்தக் கூலியாளை உள்ளே அனுப்புவது கொலைக்கு ஒப்பாகும். முகமூடி வாங்கியிருந்தும் அதனைக் குளோரின் அறைக்குள்ளேயே அலமாரியில் பூட்டிவைக்கும் விநோதமும் உண்டு. அது அறைக்கு வெளியே, கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மின்விசிறியின் விசையும் வெளியேதான் இருத்தல் வேண்டும். விசிறியோ தரைமட்டத்தில், ஏனெனில் வாயு தங்குவது அங்கேதான்.

கிராமத்தார் காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே விலகிச் சென்று, பிறகு காற்று வரும் பக்கமாக மேட்டில் ஏற வேண்டும். வாய்க்காலிலும் வயற்பள்ளத்திலும் இறங்கலாகாது. ஆற்றங்கரையும் மாடியும் நல்லவை. காற்றில்லாத பனிக்கால இரவுகளில் வாயு கலையாமல் நெடுநேரம் தாழ்வான இடங்களில் தேங்கும் என்பதை நினைவிற் கொள்க. பாதிக்கப்பட்டவரை வெளிக்காற்றுக்குக் கொணர்ந்து, வாயு பட்ட துணிகளைக் களைந்து, கண்களைக் கால்மணி நேரம் சுத்த நீரால் கழுவ வேண்டும். மூச்சுத் திணறுபவரைப் படுக்கவையாமல் சாய்ந்து உட்காரச் செய்க. இருமல் தணிந்துவிட்டதென்று வீட்டுக்கு அனுப்புதல் தகாது. சில மணி நேரத்திற்குப் பின் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது உண்டு.

சிற்றூர்களின் மேல்நிலைத் தொட்டிகளுக்குப் பெரும்பாலும் பவுடரே பயன்படுகின்றது. 30,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் 60 கிராம் குளோரின், அதாவது நல்ல பவுடர் 200 கிராம். வெயிலிலும் ஈரத்திலும் கிடந்து வீரியம் பாதியாகக் குறைந்த பவுடராயின் 400 கிராம் வேண்டும். வாயைக் கட்டாமல் வைத்த மூட்டை ஒரு மழைக்காலத்துக்குள் வெறுஞ் சுண்ணாம்பாகிவிடும். தொட்டியிற் போட்டதாகக் கணக்கிலிருக்கும், நீரில் ஒன்றும் இராது. சங்கக் கிடங்கில் இம்மூட்டைகளை யூரியா, அம்மோனியா உரங்கள், பூச்சிமருந்து, மண்ணெண்ணெய் இவற்றோடு சேர்த்து அடுக்கவே கூடாது. நனைந்து கலந்தால் விஷவாயுவும் தீயும் உண்டாகும். கழிப்பறை கழுவும் அமிலத்தையும் பவுடரையும் ஒன்றாகக் கொட்டித் தேய்க்கும் வழக்கம் வீடுகளில் பரவி வருகின்றது; அடைத்த அந்தச் சிற்றறையில் எழும் மஞ்சட்பச்சைப் புகை, மேலே சொன்ன குளோரின் வாயுவே. அப்போது செய்யவேண்டிய சிகிச்சையும் அதுவே.