ஒரு பிடி அட்சதை

மனை வாங்கியதும் அம்மண்ணில் ஒரு பிடி எடுத்துச் சிறு செப்பில் இட்டுப் பூசை அலமாரியில் வைத்திருக்கும் அன்பர்களை நாம் அறிவோம். இனிக் கட்ட வேண்டிய வீட்டை அது அவர்களுக்கு நாள்தோறும் நினைவூட்டுகிறது. மருத்துவம் பயில விரும்பும் மாணவி ஒருத்தி அக்கல்லூரியின் படத்தைத் தன் மேசைக்கு மேல் ஒட்டி வைக்கிறாள். இவற்றில் குறை காண நாம் வரவில்லை. மறதிக்கு இலக்கான மனத்திற்குக் கண்முன் ஒரு பொருள் இருப்பது துணையே.

ஆயினும் தமிழில் ‘வீடு’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு என்பதை வாசக அன்பர்கள் அறிவார்கள். ஒன்று நாம் குடியிருப்பது. மற்றொன்று வினைகளை விட்டு உயிர் அடையும் பேறு. முதல் வீட்டிற்குச் செப்பில் மண் வைத்திருக்கும் நாம், இரண்டாவது வீட்டிற்கு நினைவுப்பொருளாக எதை வைத்திருக்கிறோம்?

நம் முன்னோர் அதற்கும் ஒரு பொருளைத் தந்திருக்கிறார்கள். அது அரிசி. எண்வகைப் பொருள்களால் செய்யும் பூசையில் நீர், சந்தனம் ஆகியவற்றிற்கு அடுத்து வருவது அட்சதை. அழிவற்ற நிலையை அடைய வேண்டும் என்ற கருத்தோடு அதனைப் படைக்கிறோம். சுவேதாம்பர ஆலயங்களில் அன்பர்கள் பலகையின்மேல் அரிசியால் ஓர் உருவத்தையே வரைகின்றனர். முதலில் சுவஸ்திகம், அதன் நான்கு கைகளும் தேவகதி, மக்கட்கதி, விலங்குகதி, நரககதி என்னும் நான்கு பிறப்புகள். அதற்கு மேல் மூன்று சிறு குவியல்கள். அவை நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் ஆகிய மும்மணிகள். எல்லாவற்றிற்கும் மேலே பிறை வடிவில் உலகின் உச்சியிலுள்ள சித்தசிலை. அப்பிறையின்மேல் ஒரு குவியல். அங்கேதான் வீடுபெற்ற உயிர்கள் உறைகின்றன. கீழிருந்து மேலாகப் பார்த்தால் நாம் இருக்குமிடமும், செல்லும் வழியும், சேருமிடமும் ஒரு முழத்திற்குள் அடங்கிவிடும்.

பகவான் மகாவீரரின் 2500ஆவது நிர்வாண ஆண்டு 1974-75இல் கொண்டாடப்பட்டபோது, எல்லாப் பிரிவினரும் ஏற்றுக்கொண்ட சமணச் சின்னத்திலும் இவ்வுருவமே அமைந்தது. இன்று அது திருமண அழைப்பிதழ்களிலும் வண்டிகளின் கண்ணாடிகளிலும் காணப்படுகிறது. அழைப்பிதழைப் படித்ததும் பரணில் எறிந்துவிடுகிறோம் என்பது வேறு செய்தி. அச்சிட்ட சின்னம் ஓரிடத்தில் நிலைத்துவிடுவதால் சில நாட்களில் கண் அதனைக் கடந்துவிடுகிறது. அலமாரியில் உள்ள செப்பிற்கும் இந்நிலையே நேரும்.

அரிசி அவ்வாறன்று. உமி நீங்கிய அரிசி மீண்டும் முளைப்பதில்லை. வினை நீங்கிய உயிரும் மீண்டும் பிறப்பதில்லை. அட்சதை என்பதற்கே முறியாதது என்று பொருள். ஆகவே நொய்யைப் புடைத்துக் களைந்து, முனை முறியாத மணிகளைத் தேர்ந்து கொண்டு செல்ல வேண்டும். படைத்ததை வீட்டிற்குத் திருப்பிக் கொண்டு வருவதுமில்லை. மறுநாள் புதிதாக ஒரு பிடி எடுத்து, மீண்டும் நான்கு கதிகளிலிருந்து தொடங்க வேண்டும்.

பொன்னால் செய்து வைத்தால் என்ன என்று கேட்கலாம். சுவேதாம்பர மரபில் வழங்கும் மேதார்ய முனிவரின் வரலாறு இங்கே நினைவிற்கு வருகிறது. மகத மன்னன் சிரேணிகன் நாள்தோறும் 108 பொன் யவமணிகளால் சுவஸ்திகம் இடுவான். அம்மணிகளைச் செய்து கொண்டிருந்த பொற்கொல்லனின் இல்லத்திற்கு முனிவர் உணவேற்க வந்தார். அவன் உணவெடுக்க உள்ளே சென்ற வேளையில் கிரௌஞ்சப் பறவை ஒன்று மணிகளை விழுங்கிவிட்டது. வெளியே வந்தவன் முனிவரையே ஐயுற்றான். உண்மையைச் சொன்னால் பறவை கொல்லப்படும். அறியேன் என்றால் பொய்யாகும். அவர் வாய் திறக்கவில்லை. அவன் ஈரத்தோலை அவர் தலையில் இறுகச் சுற்றி வெயிலில் நிறுத்தினான். தோல் காய்ந்து சுருங்கச் சுருங்க வேதனை மிகுந்தது. எவர்மீதும் வெகுளாது நின்ற முனிவர் கேவலஞானம் எய்தி அங்கேயே வீடு பெற்றார். பின்னர் விறகுக்கட்டு விழுந்த ஓசைக்கு அஞ்சிய பறவை மணிகளை வெளிப்படுத்தவே, பொற்கொல்லன் தன் பிழையை உணர்ந்து துறவு பூண்டான்.

மன்னனின் பக்தியை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நினைவுப்பொருள் விலையுயர்ந்ததாக இருந்தமையால், அது காணாமற்போனதும் அதன் கருத்து மறந்துபோய்ப் பொருளே பெரிதாகத் தோன்றிவிட்டது. ஒரு பிடி அரிசி காணாமற்போயிருந்தால் அப்பொற்கொல்லன் தேடியிருப்பானா?

இவ்வரலாற்றை நம் சிறுவர் வகுப்பில் கூறியபோது, “முனிவரிடம் அரிசியும் இல்லையே, அவர் எதைப் பார்த்து நினைவில் வைத்துக்கொண்டார்?” என்று ஒரு சிறுமி வினவினாள். அன்று நமக்கு உடனே விடை தோன்றவில்லை. அடுத்த வாரம் அவளிடம் நம் முனிவர்கள் ஏந்தும் மயிற்பீலியைப் பற்றிக் கூறினோம். மயில் தானாக உதிர்த்த தோகையால் ஆனது அது. அமருமுன் அவ்விடத்தில் எறும்பு முதலிய சிற்றுயிர்கள் இருப்பின் அவற்றிற்கு ஊறு நேராமல் மெல்ல விலக்குவதற்காக அவர்கள் அதனை ஏந்துகிறார்கள். சுவேதாம்பரத் துறவியரும் இதே பயனுக்காகக் கம்பளி இழைகளால் ஆன ஒரு துடைப்பத்தை உடன் வைத்திருப்பர்.

அதன்பின் அச்சிறுமி, தான் அமரவிருந்த பாயைக் குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.