பெயரும் பெயருடையானும்

சென்ற பௌர்ணமியன்று ரேணிகுண்டாவில் நம்மவர் கூடும் இல்லத்தில் திரிசரண பஞ்சசீலம் ஓதி முடிந்தபின், ரயில்வேயில் பணிபுரியும் இளம் உபாசகர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்துச் சென்று ஒரு விண்ணப்பம் செய்தார். அவருக்கு ஆண் மகவு பிறந்து நாற்பது நாட்கள் ஆகியிருந்தன. மகவுக்குப் பெயரிட வேண்டும் என்பது ஒரு பாதி. மறு பாதியைச் சொல்ல அவர் நெடுநேரம் தயங்கினார். "ஐயா, குழந்தைக்குப் பெயர் வைக்கும் அன்றைக்கே எங்கள் அப்பாவுக்கும் ஒரு நல்ல பெயர் வைத்துவிடுங்கள். குப்பன் மகன் என்று எழுதி எழுதி எனக்குக் கை கூசுகிறது" என்றார்.

பெரியவர் குப்பனார் திண்ணையில் அமர்ந்து செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். மகன் கூறியது அவர் செவியில் விழுந்தது என்பதை அவர் தலை நிமிராமையால் அறிந்தோம். பிறகு அவர் மெதுவாக, "எனக்கு வேண்டாம் தம்பி" என்றார். நம்மிடம் சொன்னாரா, மகனிடம் சொன்னாரா என்பது விளங்கவில்லை.

இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. ஆகையால் இம்மாதப் பாடத்தை இப்பொருள் பற்றியே எழுதத் துணிந்தோம்.

ஜாதகத் தொகுதியில் 97ஆவது கதை நாமசித்தி ஜாதகம் எனப்படும். தக்கசீலத்தில் ஓர் ஆசிரியரிடம் ஐந்நூறு மாணவர் கல்வி பயின்றனர். அவருள் ஒருவன் பெயர் பாபகன். பாவி என்பது பொருள். "பாபகா வா, பாபகா போ" என்று நாள்தோறும் கேட்டு மனம் வெதும்பிய அவன், ஆசிரியரிடம் சென்று வேறு பெயர் வேண்டினான். அவரோ, "ஊர்களில் சுற்றி உனக்குப் பிடித்த பெயர் ஒன்றைத் தெரிந்து வா, அதையே இடுவோம்" என்று அனுப்பினார். அவன் ஒரு நகரத்தை அடைந்தபோது பிணம் ஒன்றைச் சுமந்து சென்றனர். இறந்தவன் பெயர் யாதெனக் கேட்டான். ஜீவகன் என்றனர். உயிருடையான் என்னும் பெயருடையவனும் சாவானோ என்று வியந்தான். "ஜீவகனாயினும் சாவான், அஜீவகனாயினும் சாவான். பெயர் அழைப்பதற்கு உரியது. நீ அறிவிலி போலும்" என்று சொல்லிச் சென்றனர். உள்ளே சென்றான். கூலி கொண்டு வராத அடிமைப் பெண்ணொருத்தியை வாயிலில் கிடத்திக் கயிற்றால் அடித்துக்கொண்டிருந்தனர். அவள் பெயர் தனபாலி, செல்வத்தைக் காப்பவள்! திரும்பும் வழியில் வழிதப்பித் திகைத்து நின்ற ஒருவனைக் கண்டான். அவன் பெயர் பந்தகன், வழியறிந்தவன். பாபகன் ஆசிரியரிடம் மீண்டு, "என் பெயரே எனக்கிருக்கட்டும்" என்றான்.

இக்கதையைக் கேட்கும் நம் சகோதரர் பலர், "ஆகவே பெயரை மாற்ற வேண்டியதில்லை" என்று எளிதில் முடிவு கட்டிவிடுகின்றனர். மிலிந்தராசனிடம் நாகசேன தேரர் நாகசேனன் என்பது வெறும் வழக்குச் சொல்லே என்று விளக்கியதையும் உடன் எடுத்துக் காட்டுவர். நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே போதித்து வந்தோம். இப்போது அதில் ஒரு குறை காண்கிறோம்.

குறை கதையில் இல்லை, நாம் அதைப் பொருத்திய இடத்தில் உளது. ஐந்நூறு மாணவருள் பாபகன் ஒருவனுக்கே அப்பெயர் நேர்ந்தது. அவனோடு அமர்ந்தவர்க்கு வேறு வேறு பெயர்கள் இருந்தன. அவனும் அவர்களும் ஒரே பாடத்தை ஒரே இடத்தில் பயின்றனர். நம் முன்னோர்க்கு நேர்ந்ததோ அவ்வாறன்று. மநு தர்ம சாஸ்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் 31ஆம் சுலோகத்தைப் பாருங்கள். பிராமணன் பெயர் மங்கலமும், க்ஷத்திரியன் பெயர் வலிமையும், வைசியன் பெயர் செல்வமும் குறிக்க வேண்டும் என விதித்துவிட்டுச் சூத்திரன் பெயர் அருவருப்பைக் குறிக்க வேண்டும் என்று அது கூறுகிறது. நான்காம் வருணத்தானுக்கே இது விதியென்றால், அதற்கும் புறத்தே நிறுத்தப்பட்டவனுக்கு என்ன மிஞ்சும்? தற்செயலாக வந்த பெயர் வேறு, கட்டளையாக வந்த பெயர் வேறு. நம் சிறுவயதில் ஊரில் ஒருவர் தம் மகனுக்கு ராமசாமி என்று பெயரிட்டார். நிலக்காரர், "உன் மகனை நான் சாமி என்று கூப்பிடவேண்டுமோ?" என்று கேட்டு, அன்று முதல் ராமன் ஆக்கினார். பிறகு அதுவும் குறுகி ஏதோ ஓர் ஓசையாயிற்று. இப்பகுதியில் தெலுங்கு வழக்கையும் நீங்கள் அறிவீர்கள். ஒரே பெயர் ஒருவனுக்கு அய்யா என்று முடியும், மற்றொருவனுக்குக் காடு என்று முடியும். வேற்றுமை பெயரிலா உளது? கூப்பிடும் வாயில் உளது.

இதனைப் பகவானும் நன்கறிந்திருந்தார். விநய பிடகத்தில் பாசித்திய விதிகளுள் இரண்டாவது, பிறரை இழித்துப் பேசுதல் பற்றியது. ஆறுபேர்க் கூட்டத்துப் பிக்குகள் நல்லொழுக்கமுள்ள பிக்குகளோடு பூசலிட்டு அவர்களை இழித்துரைத்தபோது அவ்விதி பிறந்தது. இழிவுக்கு வாயில்கள் பத்து என அங்கே வகுக்கப்படுகின்றன. முதலாவது பிறப்பு, அதனை அடுத்தே பெயர், பின் கோத்திரம், தொழில் முதலியன. எப்பெயர்கள் தாழ்ந்தவை என்று சிலவற்றை எடுத்துக் காட்டிவிட்டு, அந்தந்த நாட்டில் இகழப்படுவன எவையோ அவையும் என்று சேர்க்கிறது நூல். நாட்டுக்கு நாடு இகழ்ச்சி மாறுகிறதென்றால், அது பெயரோடு பிறந்ததன்று என்பது தானே பெறப்படும்.

இதைவிட நுட்பமான ஒன்றையும் அங்கே கவனிக்கவேண்டும். தாழ்ந்த பெயரால் இழிப்பது மாத்திரமே குற்றமென்று விதி நின்றுவிடவில்லை. இழிக்கும் எண்ணத்தோடு உயர்ந்த பெயரால் அழைப்பதும் அதே குற்றமாம். இதைப் படித்த நாளில் நாம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் வெளியே நடந்தோம். ஏனெனில் தம்மம் ஏற்றுப் பெயர் மாற்றிக்கொண்ட நம் இளைஞர்களை, "வாருங்கள் சித்தார்த்தரே, இந்த மூட்டையைத் தூக்குங்கள்" என்று சிரித்துக்கொண்டு ஏவுவோரை நாம் கண்டிருக்கிறோம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்நூல் அச்சிரிப்பையும் எண்ணி எழுதப்பட்டிருக்கிறது.

அவ்விதி பிறந்த இடத்திலேயே பகவான் நந்திவிசாலன் என்னும் காளையின் கதையைச் சொன்னார். நூறு வண்டிகளை ஒன்றாகக் கட்டி இழுக்கவல்ல அக்காளையின்மீது அதன் உடையவன் ஆயிரம் பந்தயம் வைத்து, "இழு, போக்கிரியே" என்று கூவினான். நான் போக்கிரி அல்லேன் என்று எண்ணிய காளை நான்கு காலையும் தூண்போல் ஊன்றி நின்றுவிட்டது. பந்தயம் தோற்றது. மறுமுறை இரண்டாயிரம் வைத்து நல்ல சொல்லால் அழைத்தான். நூறு வண்டிகளும் நகர்ந்தன. விலங்குக்கே இப்படியென்றால் மனிதனுக்குச் சொல்லவேண்டுமோ?

ஆனால் குப்பன் என்னும் பெயருக்கு மற்றொரு பிறப்பும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் பெரியவர் குப்பனாருக்கு அநீதி செய்தவராவோம். முன்பிறந்த மக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாண்டுபோன வீட்டில், அடுத்த பிள்ளை பிறந்ததும் அதனைக் குப்பைமேட்டில் கிடத்தி, வேறொருத்தி எடுத்து, தாய் அவளிடமிருந்து தவிட்டுக்கு வாங்குவது வழக்கம். யாருக்கும் வேண்டாத பிள்ளை இது என்று எமனை ஏமாற்றும் தந்திரம். அவ்வாறு வந்த பெயர்களே குப்பன், குப்பம்மாள், பிச்சை என்பன. தெலுங்கரிடையே பெண்டய்யா என்பது குப்பைமேட்டையும், புல்லய்யா என்பது எறிந்த எச்சிலிலையையும் குறிக்கும். மூடநம்பிக்கைதான், ஐயமில்லை. நோய்க்கு மருந்தும் தூய நீரும் வேண்டுமேயன்றிப் பெயரில் என்ன காவல்? எனினும் பிள்ளையை எவ்வழியேனும் காக்கத் துடித்த தாயின் கை அப்பெயரில் இருக்கிறது.

மநு இட்ட இழிபெயரும் தாய் இட்ட இழிபெயரும் எழுத்தளவில் ஒன்றே. உள்ளே இரண்டும் வெவ்வேறு.

வேண்டாமை உண்மையிலேயே பெயராவதும் உண்டு. நம் ரேணிகுண்டாவிலிருந்து அரக்கோணம் செல்லும் பாதையில் உள்ள திருத்தணிக்கு அருகே நாராயணபுரம் என்னும் ஊரில், பெண்மகவே தொடர்ந்து பிறந்த வீடுகளில் வேண்டாம் என்றே பெயரிடும் வழக்கம் இருந்ததை 2019இல் செய்தித்தாள்கள் வெளியிட்டன. மராட்டியத்தில் சாதாரா மாவட்டத்தில் நகுசா என்ற பெயர் அதே பொருளுடையது. அங்கே 2011ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரே விழாவில் 285 பெண்பிள்ளைகளுக்குப் புதுப்பெயர் வழங்கப்பட்டது. இத்தகைய பெயர்களை மாற்றுவதில் நமக்கு ஒரு கணமும் தயக்கமில்லை. பள்ளியில் தன் பெயரைச் சொல்லும்போதெல்லாம் ஒரு சிறுமி, தான் விரும்பப்படாதவள் என்று தானே சாட்சி கூறவேண்டியிருப்பது கொடுமையன்றோ?

இவ்விடத்தில் நம் கதையையும் சிறிது கூறவேண்டும். நமக்கு அன்னையார் இட்ட பெயர் மண்ணாங்கட்டி என்பது. நமக்கு முன் பிறந்த இருவர் தவறிப்போயினர். நூற்பாலையில் சேர்ந்தபோது எல்லோருக்கும் டோக்கன் எண்தான் பெயர்; அதனால் ஒருவாறு பிழைத்தோம். சம்பள நாளில் மட்டும் மேஸ்திரி பட்டியலைப் பார்த்துப் பெயரை நிறுத்தி நிறுத்தி வாசிப்பார். வரிசை முழுவதும் சிரிக்கும். கூலியை எண்ணாமலே வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். முப்பதாம் வயதில் தம்மம் ஏற்றபோது முதல் வேலையாகப் பெயரை மாற்றினோம். மாற்றியது தவறன்று. அன்னையார் பழைய பெயரால் அழைத்தபோது திரும்பிப் பாராதிருந்தோமே, அது தவறு. இரண்டு ஆண்டுகள் அவ்வாறு செய்தோம். அவர் நம்மை இழிக்கவில்லை. வேறு பெயர் அவர் நாவில் வரவில்லை, அவ்வளவே. கடைசி நாட்களில் அவர் நம்மைப் பெயர் சொல்லியே அழைக்காமல், "இந்தாப்பா" என்று மட்டும் சொல்லக் கற்றுக்கொண்டார். விநய விதியில் இதற்கு எண் கிடையாது. நாம் தேடிப் பார்த்தோம்.

பெயர் மாற்றம் நம் பெரியோர்க்கும் புதிதன்று. பண்டிதர் அயோத்திதாசர் 1845இல் பிறந்தபோது இடப்பட்ட பெயர் காத்தவராயன் என்பது. தமக்குக் கல்வி கற்பித்த ஆசிரியரின் பெயரையே தம் பெயராகக் கொண்டார். 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் கண்டு, 1907 முதல் தமிழன் இதழை நடத்தியது அப்பெயரோடுதான். பழைய பெயரை வெறுத்து எறிந்தார் என்பதினும் ஆசிரியர்பால் நன்றி மிகுந்து ஏற்றார் என்று கொள்வதே நமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

தனிப்பெயரில் மட்டுமன்று, குலப்பெயரிலும் இவ்வழக்கு எழுந்தது. இரட்டைமலை சீனிவாசனார் 1893இல் தொடங்கிய இதழுக்குப் பறையன் என்றே பெயரிட்டார். எச்சொல்லால் தாழ்த்தினரோ அதையே தலைப்பில் நிறுத்தி நாணமின்றி நிற்பது அவர் நெறி. பண்டிதரோ அச்சொல் பகைவர் இட்டது, அதை நாமே சுமப்பது தகாது என்று மறுத்தார். பின்னர் 1922இல் எம். சி. ராஜா அவர்கள் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக அரசாங்க ஏடுகளில் ஆதி திராவிடர், ஆதி ஆந்திரர் என்னும் பெயர்கள் இடம்பெற்றன. ரேணிகுண்டாவில் ஒரே தெருவின் இருபுறமும் இவ்விரு பெயராரும் வாழ்கின்றனர். சீனிவாசனாரா பண்டிதரா, யார் கூறியது சரி என்று நம்மைக் கேட்பவர் உளர். நாம் பண்டிதர் பக்கமே சாய்வோம். ஆயினும் பெரியவர் குப்பனார் திண்ணையில் தலைநிமிராமல் இருந்தபோது சீனிவாசனாரின் நினைவே முதலில் வந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

பெயரை மாற்ற விரும்புவோர்க்கு ஒரு சொல். நோட்டரி முன் பிரமாணப் பத்திரம், அரசிதழில் விளம்பரம், அதன்பின் ஆதார், வங்கிப் புத்தகம், சாதிச் சான்றிதழ் என்று எல்லாவற்றிலும் ஒரே எழுத்தில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 1990ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் பௌத்தரும் பட்டியல் சாதியினர்க்குரிய உரிமைக்கு உட்பட்டனர். ஆனால் தமிழில் ஒன்றும் தெலுங்கில் ஒன்றும் ஆங்கிலத்தில் மற்றொன்றுமாகப் பெயர் இருந்தால் அலுவலகப் படிகளில் ஏறி இறங்குவது நீங்கள்தாம். நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இங்கே இன்னொரு இடர்ப்பாடு: பள்ளியில் இண்டிபேர் யாதெனக் கேட்பர். நமக்கு வீட்டுப்பெயர் இல்லையாதலால் சிலர் ஊர்ப்பெயரையும் சிலர் தந்தை பெயரையும் எழுதி, அண்ணனுக்கு ஒன்றும் தம்பிக்கு ஒன்றுமாகிவிடுகிறது. முதலிலேயே ஒன்றை உறுதி செய்யுங்கள்.

இளம் உபாசகரை நாம் மறுநாள் சந்தித்து இவற்றையெல்லாம் சொன்னோம். அவர் நீண்டநேரம் பேசவில்லை. இறுதியில், "அப்பாவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று நான் கேட்டதே இல்லை" என்றார். கேளும் என்றோம். பெரியவரே வந்து சொன்னார். அவருக்கு முன் மூவர் இறந்தனராம். அவரைத் தவிட்டுக்கு விற்றவள் பக்கத்து வீட்டுக் கிழவி. விலை ஒரு முறம் தவிடு. "அந்தக் கிழவி சாகிறவரைக்கும், நீ நான் விற்ற பிள்ளை என்று சொல்லி எனக்கு ஒரு பிடி சோறு தனியாக வைப்பாள்" என்றார். மகன் அப்போதுதான் முதன்முறையாக அதைக் கேட்டார்.

பிறப்புப் பதிவில் பாட்டனார் பெயரைக் கேட்பதில்லை. ஆயினும் நம் சங்கப் பதிவேட்டில் அதற்கும் ஒரு கட்டம் உண்டு. அதில் குப்பன் என்று மகனே தம் கையால் எழுதினார். குழந்தையின் பெயர் இன்னும் முடிவாகவில்லை. தந்தை கௌதமன் என்கிறார். தாய் ராகுலன் என்கிறார். ராகுலன் என்றால் தளை என்று பொருள் கூறுவார்கள், பகவானின் மகன் அப்பெயரோடே துறவும் பூண்டார் என்று நாம் சொன்னபின்னும் அவர் மாறவில்லை. பாட்டியார் மனத்தில் வேறொன்று இருக்கிறது, இன்னும் வெளியே சொல்லவில்லை. ஓராண்டுக்குள் பதிந்தால் கட்டணமில்லை, தாமதக் கட்டணத்தோடு பதினைந்து ஆண்டுவரை இடமுண்டு என்று விதி இருப்பதால் அவசரமில்லை. அதுவரை எல்லோரும் அவனைக் கண்ணு என்று அழைக்கின்றனர்.