அரவைக் காலத்தில் ஆதார் பத்திரம்

மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவு சர்க்கரை ஆலையில் அரவை நடக்கும் மாதங்களில் கரும்புப் பணம் கணக்கில் ஏறும்; டிசம்பர் முதல் மார்ச் வரையிலான பிஎம் கிசான் திட்டத் தவணை 2000 ரூபாயும் சேரும். பணம் வரும் காலம் திருடனுக்கும் தெரியும்.

இந்த ஆலை இருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டம் இப்படிப்பட்ட மோசடியில் ஏற்கெனவே பட்டிருக்கிறது. 2020இல், ஊரடங்கு நேரத்தில், தரகர்கள் வீடு வீடாக ஆதார் நகலும் பாஸ்புக் நகலும் வாங்கிப் போனார்கள். கொரோனா உதவித்தொகை என்று நம்பிக் கொடுத்தவர்கள் பலர். நிலமே இல்லாதவர்கள் பெயரெல்லாம் பிஎம் கிசான் பட்டியலில் விவசாயி என்று ஏறியது. பட்டியலில் பெயர் சேர்க்கும் அதிகாரிகளின் கடவுச்சொல் வெளியாட்கள் கைக்குப் போயிருந்தது. தகுதியில்லாமல் சேர்க்கப்பட்டவர்கள் தமிழகம் முழுக்கச் சுமார் 5.5 லட்சம் பேர், போன தொகை 110 கோடி ரூபாய் என்று அரசே அப்போது சொன்னது. சிபிசிஐடி விசாரித்தது. தரகர் தன் கமிஷனை எடுத்துக்கொண்டிருந்தார். பணத்தைத் திருப்பிக் கட்டும் பாடு பெயருக்குரியவருக்கு வந்தது.

அடையாளத் திருட்டு என்பது இதுதான். கணக்கில் பணம் குறைந்தால் மட்டுமல்ல, கேட்காத பணம் வந்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியவை சில உண்டு. ஜெராக்ஸ் கொடுக்கும்போது எதற்காக, என்றைக்கு என்று நகலின் குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ஆதாரை இணையத்தில் எடுக்கலாம். எண் முழுதாகத் தேவைப்படாத இடத்தில் அதைக் கொடுங்கள். கைரேகை வைத்துப் பணம் எடுத்தால், எவ்வளவு எடுக்கப்பட்டது என்ற சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ‘ரேகை சரியா விழலை’ என்று மறுபடி வைக்கச் சொன்னால், முதல் தடவை பணம் போனதா என்று பார்த்த பிறகே விரலை வையுங்கள். ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டவும் வசதி இருக்கிறது. ரேஷன் கடைக்குப் போகும் நாளிலும் ரேகை வைத்துப் பணம் எடுக்கும் நாளிலும் திறந்துகொள்ள மறக்கக் கூடாது. கிசான் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும், செயலியை நிறுவும் ஏபிகே கோப்பைத் தொடவே வேண்டாம்.

பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்கார நேரமில்லை. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் பேசுங்கள். புகார் எவ்வளவு சீக்கிரம் பதிவாகிறதோ, அடுத்த கணக்குக்குத் தாவும் முன் பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு. பிறகு வங்கிக் கிளையில் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வாடிக்கையாளர், வங்கி இருவர் மீதும் தவறில்லாத மோசடியில், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் வங்கியிடம் சொன்னால் இழப்பு வாடிக்கையாளர் தலையில் விழாது என்பது ரிசர்வ் வங்கியின் 2017 உத்தரவு. ஓடிபியை நாமே சொல்லியிருந்தால், வங்கியில் புகார் கொடுக்கும் நிமிடம் வரை போன பணம் நம் இழப்பு. வெட்கப்பட்டு மறைத்தால் அந்த நேரம்தான் நீளும். அடுத்தவர் அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து ரேகை வைத்துப் பணம் வாங்கும் முதியவர்களுக்கு இதையெல்லாம் வாய்வழியாகத்தான் சொல்ல முடியும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 1930 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி அவர்கள் பாஸ்புக் அட்டையில் இன்றே ஒட்டிக் கொடுங்கள்.